சாணையும் சான்றிதழும்

எங்கள் பட்டறையில் உளி தீட்டுவது வேலை என்றே கணக்கில் வராது. மரத்தைத் தொட இன்னும் லாயக்கில்லை என்று முடிவான பையனைக் கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்து, கையில் ஒரு கற்றை உளியைக் கொடுத்துவிடுவார்கள். மத்தியானம்வரை அவனால் தொந்தரவு இருக்காது. கூலி கிடையாது. டீ வாங்கிவந்த தூக்கில் மிச்சம் இருந்தால் அரை கிளாஸ். இன்றைக்கு அதே காரியத்தைச் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமைகளில் என்னைக் காரில் வந்து அழைத்துப்போகிறார்கள். தீட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் முன்பணம் கட்டி இடம் பிடிக்கிறார்கள். சாயங்காலம் சான்றிதழ் உண்டு, கையெழுத்து என்னுடையது.

ஊரில் அக்காவிடம் இதைச் சொன்னேன். "தீட்டுறதுக்கு நீ அவங்களுக்குக் காசு குடுக்கணுமா, அவங்க உனக்குக் குடுக்கிறாங்களா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். விஷயம் புரிந்த பிறகு, "அப்ப எனக்கு அந்தக் கிணத்தடிக்கு எவ்வளவு பாக்கி?" என்றாள். நியாயமான கேள்விதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சின்னசேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் வேலை பழகிய எழுபதுகளில் அது தென்னார்க்காடு மாவட்டம், 1993-இல் விழுப்புரம் ஆனது, 2019-இல் கள்ளக்குறிச்சி. இருந்த இடத்தில் இருந்தபடியே மூன்று மாவட்டம் பார்த்த ஊர். தாய்மாமாவின் பட்டறையில் கோயில் வாகனங்கள், தேருக்கு வேண்டிய பொம்மைகள், வசதியான வீடுகளுக்கு நிலைக்கதவு என்று வேலை நடக்கும். வாகையும் தூங்குமூஞ்சியும் சாதாரண வேலைக்கு, இலுப்பை தேருக்கு, தேக்கு யாராவது பணக்காரர் வந்தால்.

உளி "வாங்குவது" என்ற பேச்சு அங்கே கிடையாது. வேலை முதலில் வரும், உளி பிறகு வரும். யாளியின் பல்லுக்குப் பின்னால் குடைய வேண்டியிருக்கும். கையில் இருக்கிற எந்த உளியும் அந்த இடத்துக்குள் நுழையாது. அன்றைக்குத்தான் மாமா எழுந்து செருப்பைத் தேடுவார். ஒரு பலகைத் துண்டில் கரியால் ஒரு வளைவு கிழிப்பார். அதுதான் ஆர்டர். அளவு, பெயர், விலை எதுவும் அதில் இருக்காது. அந்தத் துண்டோடு என்னையும் இழுத்துக்கொண்டு கொல்லாசாரியின் உலைக்குப் போவார்.

உலைக்குப் பின்னால் ஒரு குவியல் கிடக்கும். லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டைகள், பல் தேய்ந்த அரங்கள். கொல்லாசாரி இரண்டையும் மனிதர்களைப் பற்றிச் சொல்லுகிற தொனியில் பிரிப்பார். ஸ்பிரிங் பட்டை அடி தாங்கும், ஆனால் கூர் சீக்கிரம் போகும். அரத்து இரும்பு கோபக்காரன். கூர் நிற்கும், ஆனால் எதிர்த்து ஒரு தட்டுத் தட்டினால் மூக்கு உடைந்துவிடும். ஸ்பிரிங் பட்டையில் கரிமம் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே, அரத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டியும் இருக்கும் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு தொழிற்சாலையில் படித்தேன். கொல்லாசாரி சொன்னதைவிட அதிகமாக அதில் ஒன்றும் இல்லை. கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்கிற பட்டை உளிக்கு லாரி, கையால் தள்ளி இழைக்கிற சின்ன உளிக்கு அரம்: தேர்வு அவ்வளவுதான். சடை வரி, மயிர் வரி போடுகிற நூல்மாதிரி உளிக்கு உடைந்த குடையின் கம்பி. அது ஏற்கெனவே வாய்க்கால் போட்டு வருகிறது. முனையைச் சீவிக் கூராக்கினால் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஊரில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் நான்தான் போய் நிற்பேன்.

தோய்ச்சல் போடுவதற்கு மட்டும் கொல்லாசாரி பொழுது சாயட்டும் என்பார். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பு பொய் சொல்லும். மங்கிய வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று வந்ததும் பழைய எஞ்சின் எண்ணெயில் முக்குவார். அப்போது அது கண்ணாடி. கீழே விழுந்தால் உடையும். பிறகு செங்கல் துண்டால் ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வால் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடு காட்டுவார். நிறம் முனையை நோக்கி ஊர்ந்து வரும்: முதலில் வைக்கோல், அப்புறம் பழுப்பு, கத்தரிப்பூ, கடைசியில் நீலம். முனையில் வைக்கோல் நிறம் முற்றுகிற நேரம் பார்த்துத் தண்ணீரில் போட வேண்டும். "கத்தரிப்பூ வந்துட்டா கோடாலிக்குத்தான் ஆகும். நீலம் வந்துட்டா திரும்ப லாரிக்கே குடுத்துடலாம்." வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ், நீலம் 300. இடையில் இருக்கிற எழுபது டிகிரியை அந்த மனிதர் இரண்டு கண்ணால் பிடித்தார்.

பிடித்தார் என்றா சொன்னேன்? பிடிக்காத நாளும் நிறைய உண்டு. பொற்காலம் என்று யாராவது இழுத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். திருவிழா முடிந்த மறுநாள் அடித்த உளிகள் களிமண்ணாக மடங்கும். மாமா அவற்றைக் கொண்டுபோய் உலைமுன் வீசுவார். அவர் மாமாவின் மரத்தைக் குறை சொல்லுவார். இரண்டு பேரும் அடுத்த அமாவாசைவரை பேசமாட்டார்கள். அமாவாசை அன்று இருவருக்குமே பட்டறை விடுமுறை, ஆகவே சமாதானம் அன்றுதான் நடக்கும். நல்ல உளி ஒன்று தேறுவதற்குள் ஒரு சின்ன யுத்தம் முடிந்திருக்கும். அப்படித் தேறிய உளிக்கு ஒரு பெயர் வந்துவிடும். கண் உளி, மூக்கு உளி, சடை உளி, "அந்தத் தாயார் சன்னதி உளி". கடைசியாகச் சொன்னது எந்த வளைவு என்று வெளியாளுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கைப்பிடி எங்கள் பொறுப்பு. கருவேல வைரத்தில் சீவி, பழைய சைக்கிள் பம்புக் குழாயை வளையமாக அறுத்துப் பூண் போடுவோம். பூண் இல்லாத கைப்பிடி நாலு அடியில் பிளந்துவிடும். கொட்டாப்புளி புளியமர வைரம். அடித்து அடித்து அதன் முகத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் ஆழமாகி அடி வழுக்க ஆரம்பித்தால் திருப்பிப் பிடித்து மறுமுகத்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

இனி தீட்டுவது. எங்கள் உலகத்தில் கடைநிலை வேலையான அதைப் பற்றித்தான் எனக்கு நிறையத் தெரியும் என்பது விதியின் குசும்பு.

எந்த உளியும் வந்த அன்று வேலைக்கு ஆகாது என்பது மாமாவின் கட்சி. கொல்லன் கொடுப்பது வெறும் இரும்பு, வாய் நாம் வைத்தால்தான். கிணற்றடிக் கருங்கல்லில் தண்ணீர் ஊற்றிச் சாய்வை எடுக்க வேண்டும். பிறகு சாம்பல் நிறச் சாணைக்கல். 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி திருவொற்றியூரில் ஆலை வைத்திருந்தது. ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ் என்று வருகிற கல்லை மெட்ராஸ் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வரச்செய்வோம். பட்டறையில் துணி சுற்றி வைக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான். பட்டை உளியை அதில் முன்னும் பின்னும் தள்ளலாம். வளைவு உளியை அப்படித் தள்ளினால் நடுவில் மட்டும் தேயும். மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே ஓட்ட வேண்டும். உள்வளைவுக்கு, உடைந்த சாணைச் சக்கரத் துண்டை உளியின் உள்ளளவுக்கே தேய்த்து உருட்டி வைத்திருப்போம். ஒவ்வொரு உளிக்கும் அதனதன் துண்டு. எல்லாவற்றிலும் கொடுமை வி வடிவ உளி. இரண்டு சிறகும் சேருகிற அடிமூலையில் இரும்பு தடிமன் அதிகம் என்பதால் அங்கே மட்டும் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். மூக்கைத் தேய்த்தால் சிறகு குறையும், சிறகைத் தேய்த்தால் மூக்கு வளரும். என் பதினான்கு வயது முழுக்க அந்த மூக்கோடு போயிற்று என்று சொல்லலாம்.

கல்லில் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிர் எழும். விரலால் தடவினால் சொரசொரவென்று தெரியும். பிசிர் விளிம்பு முழுக்க எழுந்திருந்தால்தான் கூர் முழுதாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அதையே ஒழிக்க வேண்டும். ஊரில் அப்போது பம்புசெட் வந்து கவலை ஏற்றங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. சாலில் தொங்கிய தோல் தும்பி வேலையில்லாமல் மாட்டுக்கொட்டகையில் காய்ந்துகொண்டிருக்கும். அதை அறுத்துப் பலகையில் ஆணியடித்து, சலித்த செங்கல் தூளும் எண்ணெயும் தடவி, உளியைப் பின்னோக்கி இழுப்போம். தண்ணீர் இறைத்த தோல், மின்சாரம் வந்த பிறகு உளிக்கு மெருகு போட்டது.

தீட்டி முடித்ததைக் காட்ட மாமாவிடம் போனால் அவர் உளியைப் பார்க்கவே மாட்டார். முருங்கைக் கட்டை ஒன்றை எடுத்து இழைக்குக் குறுக்கே ஒரு சீவு சீவுவார். முருங்கை வெறும் பஞ்சு. தேக்கை எந்த உளியும் ஓரளவு வெட்டிவிடும். மரமே எதிர்த்து நின்று உதவி செய்யும். முருங்கையை நசுக்காமல் வெட்டுவதற்கு நிஜமான கூர் வேண்டும். வெட்டின இடம் பளபளவென்று இருந்தால் உளியைத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். தடத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் விளிம்பில் எங்கோ ஒரு பொடி உடைப்பு இருக்கிறது. உளி என் பக்கம் திரும்பிவிடும். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை வராது. விளக்கம் சொன்னால் தொழில் போய்விடும் என்று நினைத்தாரோ, விளக்கம் அவருக்கே தெரியாதோ, இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

அக்காவுக்கு அந்த முருங்கைச் சோதனையே தேவைப்படாது. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. கல்லில் உளி போகிற சத்தத்தை வைத்தே "போதும், திருப்பு" என்பாள். கரகர போய் வழவழ வருகிற இடம் அவளுக்குத் தெரியும். நான் விளையாடப் போன நாட்களில் என் பங்கையும் அவளே தீட்டினாள். அந்த உளிகள் ஒன்றுகூட மாமாவிடமிருந்து திரும்பி வந்ததில்லை. மாமாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெண்பிள்ளை பட்டறைக்குள் உட்கார்ந்து மரத்தில் கை வைப்பது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தீட்டலாம், செதுக்கக் கூடாது. இப்போது என் சனிக்கிழமை வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். பாக்கி எவ்வளவு என்று அவள் கேட்டது சும்மா இல்லை.

எண்பதுகளில் நான் ஊரை விட்டேன். தேர் வேலை வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம், சோறு தினமும் வேண்டியிருந்தது. அம்பத்தூரில் ஒரு வார்ப்பாலையின் பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்தேன். இரும்பில் வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் செய்கிற இடம். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அங்கே ஸ்கேலே அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் நீளமாக இருக்கும். பொய் சொல்லுகிற ஸ்கேலை வைத்துக்கொண்டு உண்மையான அளவு எடுக்கிற தொழில் என்று எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

உளிக்கு எண் உண்டு என்று அங்கேதான் தெரிந்தது. ஸ்டோரில் பித்தளை டோக்கன் கொடுத்தால்தான் உளி தருவார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட பட்டியல்படி 1 என்றால் தட்டை, 2 சாய்வுத் தட்டை, 3 லேசான வளைவு. வளைவு கூடக் கூட எண் கூடி 9-இல் ஏறத்தாழ அரைவட்டம், 11-இல் ஆழமான வாய்க்கால். வி உளிக்கு 39. நடுவில் இருக்கிற எண்களை வளைந்த கழுத்தும் கரண்டிக் கழுத்துமாக மற்ற உளிகள் எடுத்துக்கொண்டன. ஒழுங்கான ஏற்பாடு என்று வியந்து, ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "யாளி பல்லுக்கு என்ன நம்பரு?" என்றார். சுவிஸ் கம்பெனியின் ஏழும் ஷெஃபீல்டின் ஏழும் ஒரே வளைவு இல்லை என்ற தகவலை அவரிடம் சொல்லாமல் விட்டேன்; ஏற்கெனவே அவர் ஜெயித்திருந்தார்.

ஓய்வு பெற்று உட்கார்ந்தபோதுதான் இந்தச் சனிக்கிழமைகள் வந்தன. கணினி வேலை பார்க்கிற பிள்ளைகள். கண்ணும் கழுத்தும் திரையைப் பார்த்துப் பார்த்துக் களைத்து, கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், என் மாமாவிடம் நான் காட்டியதைவிட அதிக மரியாதை என்னிடம் காட்டுகிறார்கள். அவர்கள் கொண்டுவருகிற பெட்டிகளைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு உளி அடங்கிய செட், ஒவ்வொன்றுக்கும் தோல் உறை. வைரப்பொடி பதித்த தகடுகள். 1000, 4000, 8000 என்று ஜப்பான் தண்ணீர்க் கற்கள். உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சக்கர வண்டி. அந்தக் கோணம் 25 டிகிரியா 22-ஆ என்று சொல்லக் கைப்பேசியில் ஒரு செயலி. துருப்பிடிக்காமல் இருக்க ஜப்பான் காமெலியா எண்ணெய். மாமா தேங்காய் எண்ணெய் தடவுவார். நல்லெண்ணெய் கூடாது, நாளானால் பிசுபிசுத்து இறுகிவிடும் என்பது மட்டும் கட்டளை. காமெலியாவும் தேங்காயும் செய்வது ஒரே வேலை. ஒன்று கப்பலில் வருகிறது.

ஒரு பையன் கணினியில் சொருகுகிற மைக்ராஸ்கோப் கொண்டுவந்தான். உளி விளிம்பைத் திரையில் மலைத்தொடராகக் காட்டினான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நாங்கள் விரலால் தேடிய பிசிரை அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். "இதால என்ன செதுக்கப் போறீங்க தம்பி?" என்று கேட்டேன். "இன்னும் டிசைட் பண்ணலை சார். முதல்ல எட்ஜ் பர்ஃபெக்ட் ஆகட்டும்." பல மாதமாகச் செதுக்காமல் தீட்டுகிறவன். அவன் வீட்டு அலமாரியில் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாக உளிகள் வரிசையாக நிற்கும் படத்தைக் காட்டினான். ஆயுத பூஜை அன்று கருவியைக் கழுவிச் சந்தனம் தெளித்து வைத்தால் அன்றைக்கு அதை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வீட்டில் வருஷம் முழுக்க ஆயுத பூஜை.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். வைரத் தகடு எங்கள் கல்லைவிட உயர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை. சாணைக்கல் நடுவில் குழிந்துபோகும். குழிந்த கல்லில் தட்டை உளி தீட்டினால் விளிம்பு வளைந்து வரும். தகடு குழியாது. நானும் ஒன்று வாங்கிவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை: 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் போய், வைரம் வராமல் கிடைத்ததுதான் கார்போரண்டம். வைரமாக ஆக முடியாத அந்தப் பொருள்தான் எங்கள் பட்டறையில் துணி சுற்றி இருந்தது. இப்போது நிஜ வைரமே வந்து அதை ஓரங்கட்டுகிறது.

வகுப்பில் சிலர் உளியோடு கூடவே அதன் சாவையும் கொண்டுவருவார்கள். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வீட்டிலேயே தீட்டியிருப்பார்கள். முனையில் அழகான நீலம் ஓடியிருக்கும். அழகுதான். 300 டிகிரி தொட்டுவிட்டது, தோய்ச்சல் போய்விட்டது. அந்த நீலம் ஓடின அளவையும் கல்லில் தேய்த்து எடுத்தால்தான் கீழே நல்ல இரும்பு. கொல்லாசாரி சொன்ன லாரிக் கதையைச் சொல்வேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும், ஆகவே கொஞ்சம் தடித்த சாய்வு வையுங்கள் என்றால் குறித்துக்கொள்வார்கள். செட்டாக வாங்காதீர்கள், முதலில் என்ன செதுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அதற்கு வேண்டிய நாலைந்து மட்டும் வாங்குங்கள் என்பேன். அதையும் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் இன்னொரு செட்டோடு வருவார்கள். தள்ளுபடி இருந்ததாம்.

இதற்கிடையில் செதுக்குவது என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அது அக்கா மகனிடம் இருக்கிறது. ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் ஷெட் போட்டு சிஎன்சி ரவுட்டர் மிஷின் வைத்திருக்கிறான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் போன் செய்து சொன்னவன் அவன்தான்; பாசக்காரப் பையன். அவன் ஷெட்டில் கஜலட்சுமி ஒரு பென்டிரைவில் வருகிறாள். பலகையை இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் யானைகளின் தும்பிக்கை எழுந்துவிடும். மிஷின் மேலிருந்து கீழேதான் இறங்கும் என்பதால் காதுக்குப் பின்னாலும் மாலைக்கு அடியிலும் அதனால் நுழைய முடியாது. அந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு வயதானவர்கள் உளியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மிஷினின் பிட் மழுங்கினால் கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறார்கள். கிணற்றடியில் யாரையும் உட்கார வைக்க வேண்டியதில்லை, கிணறும் இல்லை.

போன தை மாதம் ஒரு நாள் மாப்பிள்ளை கூப்பிட்டான். பெங்களூர் பார்ட்டி ஒருவர் வீட்டு வாசற்கதவு. மிஷினில் போட்டதைப் பார்த்து, கைவேலை மாதிரி இல்லையே, உளித் தடம் தெரிய வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்றாராம். எனக்கு ஒரு கணம் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது. எங்கள் பட்டறையில் உளித் தடம் தெரிந்தால் முதுகில் விழும். தடத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பிறகு பிராய் மரத்து இலையைக் காயவைத்து அதன் சொரசொரப்பால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் உளி என்று ஒன்று அங்கே வந்து போனதற்கே சாட்சி இல்லாமல் ஆக்குவதுதான் வேலை முடிவதற்கு அடையாளம். உப்புத்தாள் வாங்கக் காசு இல்லாத காலத்தில் பிராய் இலை பறிக்க நான் ஏறாத வேலி இல்லை. ஒழித்துக்கட்டச் சொன்ன அதே தடத்துக்கு இப்போது சதுர அடிக் கணக்கில் கூலி.

போனேன். பெருமையாகவே போனேன் என்றும் சொல்ல வேண்டும். தும்பித் தோலில் மெருகு போட்ட ஏழாம் எண் உளியை எடுத்துக்கொண்டு கதவின் பின்புலம் முழுக்கத் தடம் போட்டேன். ஒன்றின் விளிம்பில் அடுத்தது, ஒரே ஆழம், ஒரே சாய்வு, வெட்டின இடமெல்லாம் பளபளப்பு. மாமா பார்த்திருந்தால் உளியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை போட்டோ எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினான். பதில் வந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க."

"என்ன?"

"உங்க தடம் ரொம்ப ஒழுங்கா இருக்குது. இதுவும் மிஷின்ல போட்டதுதானேன்னு கேக்கறாங்க."

"அதுக்கு?"

"கொஞ்சம் அப்படி இப்படி, கோணல்மாணலா இருந்தாத்தான் கைவேலைன்னு நம்புவாங்க. தீட்டாத உளி ஏதாச்சும் இருந்தா அடுத்த தடவை எடுத்துட்டு வந்துருங்க மாமா."

உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அவன் சின்னப் பையனா இருக்கறப்ப தீட்டினதுல ஒண்ணு மிச்சம் இருந்தா அதைக் குடுடா, சரியா இருக்கும்" என்றாள்.

என்னிடம் தீட்டாத உளி இல்லை. வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. அவர்களிடம் இருப்பதெல்லாம் 8000 கல்லைத் தாண்டியவை. கடைசியில் பேரனைவிட்டு ஆன்லைனில், வாங்காதீர்கள் என்று வாராவாரம் நான் சொல்கிற அதே பன்னிரண்டு உளி செட்டுக்கு ஆர்டர் போட்டேன். இரண்டாம் நாளே பெட்டி வந்தது. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினேன். வாய் வைக்கப்படாத வெறும் இரும்பு. வந்த அன்றே, கல்லில் ஒரு தடவைகூடப் படாமல், நேரே வேலைக்குப் போனது என் கைக்கு வந்த உளிகளில் இந்தச் செட்டு ஒன்றுதான்.

பெங்களூர்க்காரருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நார் பிய்ந்து, ஆழம் தப்பி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற தடங்கள். அவர் சொல்லி இன்னும் மூன்று கதவு வந்திருக்கிறது. மாப்பிள்ளை அந்தப் பன்னிரண்டு உளிக்கும் ஷெட்டில் தனி டிராயர் ஒதுக்கிவிட்டான். மேலே கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: "மாமா உளி. யாரும் தீட்டக் கூடாது."